தண்ணீர் குடிக்காத வகுப்பு

காலைக் கூட்டத்தில் சிட்டு 'தடால்' என்று விழுந்த இடத்தில் அல்லவா கதையை நிறுத்தியிருந்தோம்? வாருங்கள், முதலில் அவளைத் தூக்குவோம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. சிட்டு பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். அந்தக் கிராமத்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை அவளுடைய அம்மாதான். ஊருக்கு அவர் பெரிய டீச்சர். பிள்ளைகளுக்கு, அவர் காதில் விழாத தூரத்தில், 'பினாயில்'. சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம். கரும்பலகைக்குக் கீழே சாக்பீஸ் தூள் கிடந்தால்கூட அன்றைக்கு அந்த வகுப்பு ஆசிரியர் தொலைந்தார்.

அப்பா கடைத்தெருவில் டெய்லர். பள்ளிச் சீருடை முழுக்க அவர் மிஷினில் தைத்ததுதான். மாமா, அதாவது பெரிய டீச்சரின் ஒரே தம்பி, கட்டட மேஸ்திரி. பெண் பிள்ளைகளுக்கென்று பள்ளியில் புதிதாகக் கழிப்பறை கட்டியவர் அவர்தான். கட்டி முடித்து எத்தனையோ மாதம் ஆகிறது. திறந்து வைக்க வேண்டிய பெரிய மனிதர் தேதி கொடுப்பதும் தள்ளிப் போடுவதுமாக இருந்ததில் கட்டடம் பூட்டியே கிடக்கிறது. ஒருவழியாக நாளைக்கு விழா. கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன்கூடக் கட்டியாகிவிட்டது.

இன்றைக்குப் பார்த்தா இந்தப் பெண் விழ வேண்டும்!

அறிவியல் டீச்சரின் காரில் மகளைப் படுக்கவைத்துக்கொண்டு கிளம்பும்போதுகூடப் பெரிய டீச்சரின் கவலை வேறாகத்தான் இருந்தது.

"காலையில சரியா சாப்பிடல, அதான். எல்லாம் இந்த மெலியற பைத்தியம். போன்ல கண்டதைப் பார்த்துட்டு ஒல்லியாகணும்னு கிளம்பிடுதுங்க."

சிட்டு கண்ணை மூடிக்கொண்டே கிடந்தாள். உடம்பு அடுப்பாகக் கொதித்தது.

ஆஸ்பத்திரி வாசலில் டெய்லர் முன்னமே வந்து நின்றிருந்தார். கழுத்தில் அளவெடுக்கும் டேப் அப்படியே தொங்கியது. சட்டையில் குத்தியிருந்த குண்டூசியைக்கூட எடுக்கவில்லை. மகளை இரண்டு கையாலும் தூக்கியவர், ஒரு கணம் திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தார்.

"என்ன இப்படி லேசா இருக்கா?"

"அதான் சொல்றேனே, டயட்டு."

சின்ன ஆஸ்பத்திரி அது. இரண்டு கட்டில், ஒரு மேஜை, சுவரில் கர்ப்பிணிகளுக்கான படம். டாக்டர் அம்மா புதிதாக மாற்றலாகி வந்தவர். ஊரில் யார் எவர் என்று இன்னும் பிடிபடவில்லை. சிட்டுவின் இமையைப் பிரித்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், முதுகில் கீழ்ப்பக்கமாக விரலால் தட்டினார். தட்டிய இடத்தில் சிட்டு "அம்மா!" என்று கத்தினாள்.

டாக்டரின் முகம் மாறியது.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியில இருக்கீங்களா? பொண்ணுகிட்ட சில விஷயம் கேட்கணும்."

பெரிய டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு நன்றாக உட்கார்ந்துகொண்டார். "எதுவா இருந்தாலும் எங்க முன்னாடியே கேளுங்க டாக்டர். எங்க வீட்டுல ஒளிவுமறைவுங்கிற பேச்சே கிடையாது."

டாக்டர் தோளைக் குலுக்கிவிட்டுச் சிட்டுவின் பக்கம் குனிந்தார்.

"ஒண்ணுக்குப் போனா எரியுதாமா?"

சிட்டு கூரையைப் பார்த்தபடி தலையாட்டினாள்.

"ரொம்ப நாளாவா?"

மறுபடியும் தலையாட்டல்.

"அடிப்பாவி! எங்கிட்ட ஏண்டி சொல்லல?" என்று எழுந்துவிட்டார் பெரிய டீச்சர். டாக்டர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பேம்மா?"

இதற்குப் பதில் அம்மாவிடமிருந்து வந்தது. கொஞ்சம் பெருமையோடே வந்தது. "அதுல குறையே கிடையாது டாக்டர். தினமும் காலைக் கூட்டத்துல நானே பாட்டில் செக் பண்றேன். எல்லாப் பிள்ளைங்களும் பாட்டிலைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டணும். விளிம்பு வரைக்கும் தண்ணி இருக்கணும். இல்லாதவங்க வரிசையை விட்டு வெளியில நிக்கணும். இவளோட பாட்டில் ஒருநாள்கூடக் காலியா இருந்ததில்ல."

"காலையில நிரம்பி இருக்கு, சரி. சாயங்காலம்?"

பெரிய டீச்சர் வாயைத் திறந்தார். இப்படியொரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதே இல்லை. அவராவது தன்னைக் கேட்டுக்கொண்டாரா என்றால் அதுவும் இல்லை.

சிட்டுதான் சொன்னாள். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சாயங்காலமும் நிரம்பித்தான் இருக்கும்."

டெய்லர் முதலில் சிரித்துவிட்டார். ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார் மனிதர். மகளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"அப்ப தண்ணியை என்னடி பண்ணுவே?"

"ஸ்கூல் விட்டு வர்றப்போ கேட்டுக்கு வெளியில மரத்தடியில கொட்டிடுவோம்ப்பா. வீட்டுக்கு அப்படியே கொண்டு வந்தா அம்மா திட்டுவாங்கல்ல."

"கொட்டிடுவோம்னா? யாரெல்லாம்?"

"எங்க கிளாஸ் பொண்ணுங்க எல்லாரும். ஒன்பதாவதும்தான். எட்டாவதுல பாதிப் பேர்."

ஐயோ, அந்த மரம்! சுற்றுவட்டாரமே காய்ந்து கருகும் கோடையிலும் வாசலில் பச்சைக் குடை பிடித்து நின்ற மரம். போன மாதம் பார்வையிட வந்த அதிகாரியை அதன் நிழலில் நிறுத்தி, "எல்லாம் நம்ம பராமரிப்பு சார்" என்று பெரிய டீச்சர் சொல்லிக்கொண்ட மரம். அதைப் பராமரித்தது யார் என்று இப்போது தெரிகிறது.

"குடிக்கிறதுக்கு என்னடி கேடு?" என்று அதட்டினார். ஆனால் அதட்டலில் வழக்கமான காரம் இல்லை.

"குடிச்சா போகணும்ல."

"போறதுதானே? பின்னாடி பழைய கட்டடம் இருக்குல்ல?"

"அதுல கதவு எங்கம்மா இருக்கு?"

ஆமாம், இல்லை. கரையான் அரித்த கதவுகள் பார்க்க அசிங்கமாக இருக்கின்றன என்று அவற்றைக் கழற்றி எறியச் சொன்னவரே பெரிய டீச்சர்தான். புதுசு வரப்போகிறதே, பழசுக்கு எதற்குக் கதவு என்று நினைத்தார். அதற்குப் பிறகு விழா தள்ளிப் போனது. மறுபடியும் தள்ளிப் போனது. கதவு ஞாபகமே இல்லாமல் போய்விட்டது.

சிட்டு இப்போது நிறுத்தவில்லை. இத்தனை நாள் அடக்கியது எல்லாம் ஒன்றாக வெளியே வந்தது.

"ஒருத்தி உள்ளே போனா ரெண்டு பேர் முன்னாடி நின்னு மறைக்கணும். அப்பவும் பந்து பொறுக்கறேன்னு பசங்க அந்தப் பக்கம் வருவாங்க. அதனால யாரும் போறதில்ல. காலையில எழுந்ததும் வாயைக் கொப்பளிச்சித் துப்பிடுவோம். மத்தியானம் சாப்பாட்டுக்கு ஒரு வாய், விக்கல் வந்தா மட்டும். அந்த மூணு நாள் வந்தா லீவு போட்டுடுவாங்க. நீங்க மறுநாள் எழுப்பி நிக்க வெச்சு, 'ஊர் சுத்தப் போனியா'ன்னு கேட்பீங்க. எந்தப் பொண்ணாவது என்ன பதில் சொல்லும்?"

எதிரே இருப்பவர் அங்கே வேலை பார்க்கும் ஏதோ ஒரு டீச்சர் என்று மட்டும் நினைத்திருந்த டாக்டருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பேனாவை மேஜைமேல் போட்டார்.

"என்ன அநியாயம் இது? எந்த ஸ்கூல்மா? யாரு அந்த ஹெட்மாஸ்டர்? நம்பரைக் கொடுங்க, நானே பேசறேன். கண்ணு தெரியாத ஆளா அவரு?"

ஓரமாக மருந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்த கம்பவுண்டர் நைசாக நழுவி வெளியே போனார். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறார்கள்.

கடைசியில் டெய்லர்தான் மெதுவாகச் சொன்னார். "பேசுங்க டாக்டர். எதிர்லதான் உட்கார்ந்திருக்காங்க."

அந்த நிமிஷம் பூமி பிளந்து பெரிய டீச்சரை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தால் அவர் நன்றி சொல்லியிருப்பார். டாக்டர் அவரையே பார்த்தார். அவரோ மேஜைமேல் கிடந்த பேனாவைப் பார்த்தார். எத்தனையோ பிள்ளைகளை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டவருக்கு, பதில் தெரியாமல் நிற்பது என்றால் என்ன என்று இந்த வயதில் விளங்கியது.

விளங்கியது அது மட்டுமில்லை. இன்னொன்றும் கூடவே வந்து நெஞ்சில் குத்தியது.

மழை பெய்த ஒரு நாள். இரண்டாவது பீரியட். அவருடைய அறை வாசலில் சிட்டு வந்து நின்றாள். அறைக்குள் கிளார்க், அறிவியல் டீச்சர், பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்திருந்த இரண்டு பேர். "அம்மா... டீச்சர்... உங்க பாத்ரூமை ஒரு தடவை..." என்று அவள் இழுத்தபோது, அவர் முடிக்கவிடவில்லை. "என் பொண்ணுன்னு இங்கே தனிச் சட்டம் கிடையாது. கிளாஸுக்குப் போ." வந்திருந்தவர்கள், "இப்படித்தான் இருக்கணும் தலைமை!" என்று மெச்சினார்கள். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அவரே அதைக் கணவனிடம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். எதிரே உட்கார்ந்து சிட்டு பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவள் என்ன செய்தாளோ? கேட்கத் தைரியம் வரவில்லை.

"நோய்த்தொற்று மேலே ஏறியிருக்குன்னு நினைக்கறேன்" என்றார் டாக்டர். கோபத்தை விழுங்கிவிட்டு, வேலையைப் பார்க்கும் குரல். "கிட்னி வரைக்கும் போயிருக்கான்னு பார்க்கணும். டிரிப் போடறேன். ரத்தமும் யூரினும் எடுத்து அனுப்பறேன், மத்தியானத்துக்குள்ள சொல்லிடுவாங்க. இங்கே ஸ்கேன் வசதி கிடையாது. தேவைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்."

டெய்லர் மகளின் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "யூனிபார்ம் இடுப்பைப் பிடிச்சித் தரச் சொல்லி வந்துக்கிட்டே இருந்தா. நானும் பிடிச்சித் தந்துக்கிட்டே இருந்தேன். வயசுப் பொண்ணு, உயரம் போடறா, அதான் இளைக்கறான்னு விட்டுட்டேன். கையில டேப்பை வெச்சுக்கிட்டு என்னத்தைப் பார்த்தேன் நான்?"

பெரிய டீச்சர் எழுந்தார். கைப்பையைத் தோளில் மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டே?"

"ஸ்கூலுக்கு."

"பொண்ணு இங்கே கெடக்கா!"

"அங்கே எத்தனை பொண்ணுங்க இருக்காங்க தெரியுமாங்க? இந்த நிமிஷம் எத்தனை பேர் அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்களோ."

"அது உனக்கு இப்பத்தான் தெரியுதா?"

டெய்லர் குரலை உயர்த்தவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவியிடம் சொன்ன கடுஞ்சொல் என்று பார்த்தால் அது ஒன்றுதான். பெரிய டீச்சர் அதை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தார். போகும்போது மகளின் நெற்றியைத் தொடக் கை நீட்டினார். சிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பள்ளி மைதானத்தில் நாளைய விழாவுக்குத் தடபுடலாக வேலை நடந்துகொண்டிருந்தது. நட்ட நடுவில் மேடை. அதன்மேல் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். புதுக் கட்டடத்தின் சுவரில் கடைசி கோட் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார் மேஸ்திரி மாமா. வெளிர் நீலம். அக்காவே தேர்ந்தெடுத்த நிறம்.

"பொண்ணு எப்படிக்கா இருக்கா? நான் வரலாம்னு பார்த்தேன், இந்தச் சுவரு மட்டும்..."

பெரிய டீச்சர் காதிலேயே வாங்கவில்லை. நேராகப் போய்ப் பள்ளி மணியைத் தன் கையாலேயே அடித்தார். வகுப்புகள் பதறி எட்டிப் பார்த்தன.

"பொண்ணுங்க மட்டும் வெளியே வாங்க. எல்லாக் கிளாஸும்."

வந்தார்கள். பழக்கதோஷம், வரும்போதே பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்று தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்கள். வரிசை வரிசையாக, விளிம்பு வரை நிரம்பிய பாட்டில்கள். வெயிலில் மின்னின. நேற்று வரை அந்தக் காட்சியைப் பார்த்தால் அவருக்கு வயிறு குளிரும். இன்றைக்குக் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"இறக்குங்கடி" என்றார்.

பிறகு புதுக் கட்டடத்தின் கதவருகே போனார். ரிப்பனைப் பிடித்து ஒரு இழுப்பு. அது அறுந்து காலடியில் விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த கிளார்க்குக்கு மயக்கமே வந்திருக்கும்.

"அக்கா! அக்கா, திறக்காதே!" மேஸ்திரி பிரஷோடு ஓடி வந்தார். நீலப் பெயின்ட் வழியெல்லாம் சொட்டியது.

"நாளைக்கு அவர் வந்து எதை வேணும்னாலும் வெட்டிக்கட்டும்டா. என் பொண்ணுங்க இன்னைக்கே உள்ளே போகணும்."

"அதுக்கில்லக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

பூட்டு திறந்தது. உள்ளே என்ன பளபளப்பு! வெள்ளை டைல்ஸ், எவர்சில்வர் தாழ்ப்பாள் போட்ட கதவுகள், கண்ணாடி, வரிசையாகக் குழாய்கள். பெரிய டீச்சர் முதல் குழாயைத் திருகினார். 'புஸ்' என்று காற்று வந்தது. இரண்டாவதைத் திருகினார். அது காற்றுகூட விடவில்லை.

"மோட்டார் போடலையா?"

மேஸ்திரி கையிலிருந்த பிரஷையே பார்த்தார்.

"டேய், உன்னைத்தான். தண்ணி ஏன் வரல?"

"தண்ணி வந்தாலும் பிரயோசனம் இல்லக்கா. வெளியே போக வழி கிடையாது. குழி இன்னும் தோண்டல."

"என்ன?"

"கழிவுக்குழிக்கா. பின்பக்கம், மைதானத்தைப் பார்த்தாப்பல, பைப்பு மண்ணுல முட்டிக்கிட்டு நிக்குது. அதனாலதான் தண்ணிக் கனெக்‌ஷனும் கொடுக்காம விட்டேன்."

பெரிய டீச்சர் குழாயை விட்டுவிட்டுத் தம்பியின் பக்கம் திரும்பினார்.

"குழியே இல்லாமலா இதைக் கட்டினே? குழியே இல்லாமலா நாளைக்குத் திறக்கப் போறோம்? கூடப் பிறந்தவன்னு நம்பி விட்டதுக்கு என் தலையில கல்லைப் போட்டியேடா!"

மேஸ்திரி மாமா கல்நெஞ்சக்காரர் இல்லை, திருடரும் இல்லை. அப்பா அம்மா சீக்கிரம் போய்ச் சேர்ந்த பிறகு அக்கா கையால் வளர்ந்தவர். அக்கா உட்காரச் சொன்னால் உட்கார்வார், எழுந்திரு என்றால் எழுந்திருப்பார். ஏன் என்று கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் அவருக்குப் பழகவே இல்லை.

"நீதானேக்கா சொன்னே" என்றார், அடி வாங்கிய பிள்ளையாட்டம். "விழா முடியற வரைக்கும் மைதானத்துல ஒரு குழிகூட கண்ணுல படக்கூடாது, அவரோட கார் அங்கதான் வந்து நிக்கும்னு. 'அப்ப குழி?'ன்னு கேட்டேன். 'அப்புறம் பார்த்துக்கலாம்'னே. தேதி தள்ளித் தள்ளிப் போச்சே, ஒவ்வொரு தடவையும் வந்து நின்னேனேக்கா. 'தோண்டட்டுமாக்கா?'ன்னு கேட்டா, 'அடுத்த வாரம் விழாவை வெச்சுக்கிட்டு மண்ணைக் கிளறாதே'ன்னு விரட்டினியே."

விரட்டினார்தான். ஞாபகம் இருக்கிறது. எந்தக் குழி, எதற்குக் குழி என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. சுவர் இருக்கிறது, டைல்ஸ் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது. கட்டடம் முடிந்தது என்று எடுத்துக்கொண்டார். மண்ணுக்கு அடியில் இருப்பது கண்ணில் படாது. கண்ணில் படாதது எதுவும் பெரிய டீச்சருக்கு அசுத்தமாகத் தெரிந்ததே இல்லை.

"அப்ப நாளைக்கு அவர் வந்து குழாயைத் திறந்தா?"

"மேல டேங்க்ல நாலு குடம் ஊத்தி, ஒரு குழாய்ல மட்டும் வர்ற மாதிரி பண்ணலாம்னு இருந்தேன். கீழே ஒரு பக்கெட் வெச்சு..."

"போதும்டா. சொல்லாதே."

திரும்பினால், வாசல் முழுக்கப் பெண்கள் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யார் முகத்திலும் அதிர்ச்சி இல்லை. அதுதான் அவரை மேலும் அதிர வைத்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

பத்தாம் வகுப்பு லீடர் ஒருமுறை எச்சில் விழுங்கினாள். "தெரியும் டீச்சர். பின்பக்கம் போய்ப் பார்த்தோம். அந்தப் பைப்பு எங்கயும் போகல."

"அப்பவே வந்து சொல்றதுக்கென்ன?"

"எப்படி டீச்சர் சொல்றது?"

திமிராகக் கேட்கவில்லை அந்தப் பெண். நிஜமாகவே வழி தெரியாமல் கேட்டாள். வகுப்பில் கையைத் தூக்கி 'டீச்சர், ஒண்ணுக்கு' என்றாலே, "இன்டர்வல்ல என்ன பண்ணினே?" என்று கேட்கும் பள்ளிக்கூடம். அதில் இதை யாரிடம் போய், எந்த வாயால் சொல்வது?

பெரிய டீச்சர் விடுவிடுவென்று தன் அறைக்குப் போனார். உள்ளே இருந்த குளியலறைக் கதவை அகலத் திறந்து வைத்தார். பினாயில் மணம் வராண்டா வரைக்கும் வந்தது. சோப்பும் துண்டும் மாட்டியிருந்தன.

"இன்னைலேர்ந்து இது உங்களோடது. வாங்க. ஒவ்வொருத்தரா வாங்க."

ஒருத்தியும் அசையவில்லை.

"வாங்கடி. நான் திட்ட மாட்டேன்."

அதற்கும் அசையவில்லை. பெரிய டீச்சர் சொல்லி அந்தப் பள்ளியில் நடக்காத முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும். பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். இது ஏதோ சோதனை, போனால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் ஒவ்வொரு கண்ணிலும் அப்பட்டமாகத் தெரிந்தது. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தனை பேர் முன்னாலும் அழுதார். முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

அவர் அழுவதைப் பார்த்த பிறகுதான், ஆறாம் வகுப்பிலிருந்து குட்டையாக ஒருத்தி வரிசையைப் பிய்த்துக்கொண்டு ஓடி வந்து உள்ளே புகுந்து படாரென்று கதவைச் சாத்தினாள். பாவம், எவ்வளவு நேரமாகவோ. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். அப்புறம் வராண்டா நீளத்துக்கு வரிசை வளர்ந்தது. லீடர் கடைசியில் நின்றபடி பாட்டில் மூடியைத் திருகி, அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் குடித்தார்கள். தன் பள்ளியில் ஒரு பெண்பிள்ளை தண்ணீர் குடிப்பதைத் தான் இதுவரை பார்த்ததே இல்லை என்று பெரிய டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது.

தம்பி தயங்கித் தயங்கி வந்து தூணோரம் நின்றார்.

"தோண்டு" என்றார் அக்கா.

"எங்கக்கா?"

"பிளான்ல எங்கே இருக்கோ அங்கே."

"அங்கே மேடை இருக்கேக்கா."

"மேடையைப் பிரி. நாலு ஆள் கூட்டிக்கிட்டு வா. இப்பவே."

மேஸ்திரி கிளம்பவில்லை. பிரஷைக் கைமாற்றிக்கொண்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுக்கா. நாளைக்கு அவர் வந்து நின்னா, மைதானம் பூரா மண்ணும் பள்ளமுமா இருக்கும். உன் வேலைக்கே உலை வெச்சுடுவாங்க. நீ சொன்னதை மறுபேச்சு பேசாம கேட்டுக் கேட்டுத்தான் இந்தக் கதிக்கு வந்தோம். இப்ப கேட்கறேன். தோண்டலாமா?"

தம்பி தன்னை எதிர்த்துக் கேட்டது பெரிய டீச்சருக்கு ஒரு கணம் நம்ப முடியவில்லை. இதை ஒரு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 'வாயை மூடு' என்றுதான் சொல்லியிருப்பார். அதுவும் அவருக்குத் தெரிந்தது.

"வேலை போனா போகட்டும்டா. தோண்டு."

மேஸ்திரி ஓடினார். சற்று நேரத்தில் மைதானத்தில் பலகைகளைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. விழாவுக்குப் பொறுப்பான கிளார்க், கையில் போனை வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

பெரிய டீச்சர் குளியலறைக் கதவுக்கு வெளியே காவலுக்கு நின்றுகொண்டார். பையன்கள் ஒருவனும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அப்போது கைப்பையில் போன் அடித்தது. டெய்லர்.

"ரிசல்ட் வந்துடுச்சா? என்ன சொல்றாங்க?"

"பயந்த மாதிரியேதான். கிட்னிக்குப் போயிருக்காம். ஒண்ணு வீங்கியிருக்கும் போலன்னு சொல்றாங்க. ஸ்கேன் பார்த்தாத்தான் எவ்வளவு சேதம்னு தெரியுமாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க."

"கிளம்பாதீங்க. இதோ வர்றேன். நானும் கூட வர்றேன்."

"கிளம்பியாச்சு. வண்டியில ஏறிட்டோம்."

"என்னை விட்டுட்டா? கடைத்தெரு முனையில நிறுத்துங்க, ஓடி வந்துடறேன். குறுக்கு வழியா வந்தா ரெண்டே நிமிஷம்."

வண்டி இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏங்க? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். நீ பின்னாடி பஸ்ல வா."

"பெத்தவ நான், பஸ்ல வரணுமா? யாரு சொன்னா?"

"அவதான்."

"சிட்டுவா? என்ன சொன்னா?"

"வேணாம், விடு. அப்புறம் பேசிக்கலாம்."

"சொல்லுங்க. என்ன சொன்னாளோ அப்படியே சொல்லுங்க."

டெய்லர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "டிரிப் ஏறினதுல அடிக்கடி ஒண்ணுக்கு முட்டுதாம். போற வழியோ தூரம். நடுவுல வண்டியை நிறுத்தச் சொல்லணும்னா எங்கிட்ட சொல்லிடுவாளாம். அம்மா கூட வந்தா எப்படிக் கேட்கிறது, பயமா இருக்குப்பாங்கறா."